கோட்டைக்குச் சுண்ணாம்பு, வாடிக்கு?

மரபுரிமை எண்டு சொன்னால் உங்கட கண்ணுக்கு முன்னால என்ன வருது? அநேகமா ஒரு கோட்டை. பிரச்சினையே அங்கதான் தொடங்குது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில, கடலுக்குள்ள நிற்கிற கடற்கோட்டையை எடுங்கோ. போர்த்துக்கேயர் கட்டினது. 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1971 கிளர்ச்சிக்குப் பிறகு சிறை. இண்டைக்குக் கடற்படை நடத்துகிற உல்லாச விடுதியின் ஒரு பகுதி. யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்த நெதர்லாந்து அரசே காசு தந்தது. சுவர்கள் காப்பாற்றப்பட்டது நல்லது, அதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் இந்தக் கடலை வைத்தே வாழ்ந்த சனம் கட்டினது எங்கே? வாடி, மடம், சங்கக் கட்டடம், துறையடிக் கிணறு? மயிலிட்டிச் சனம் 1990 இல் இடம்பெயர்ந்து, 2017 இல்தான் துறைமுகப் பக்கம் திரும்பக் கால் வைத்தது. வீடுகள் இருந்த இடத்தில கல்லும் பற்றையும். அந்த இடிபாட்டை ஒருவரும் மரபுரிமை எண்டு சொல்லவில்லை.

சட்டமும் இதுக்குத் துணை. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்தது. அது கண்டி இராச்சியம் வீழ்ந்த நாள். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இலேயே போய்விட்டது. கண்டி மலையில போட்ட கோட்டை வைத்து எங்கட கரையை அளக்கிறதில என்ன நியாயம்?

"சுற்றுலா வந்தால் ஊருக்கு வருமானம்தானே?" எண்டு கேட்பீர்கள். வரட்டும். ஆனால் வலை காயப்போட இடமில்லாத கரையில, பழைய வாடிக்கு வர்ணம் பூசித் தேத்தண்ணிக் கடை நடத்தினால் அது மீன்பிடி மரபில்லை, வெறும் அலங்காரம்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. எஞ்சி நிற்கிற கட்டடங்களைக் கடற்றொழிலாளர் சங்கங்களோட சேர்ந்து முதலில பதிவு செய்யவேணும். முருகைக்கல்லுச் சுவருக்குச் சீமெந்து பூசக்கூடாது. உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ள கல்லே உதிரும். சுண்ணாம்புச் சாந்துதான் பொருந்தும். அந்த வேலை தெரிந்த மேசன்மார் இருக்கேக்கையே இளம் பெடியளும் பெட்டையளும் பழகவேணும். திருத்தின கட்டடத்தின் திறப்பு சங்கத்தின்ர கையில இருக்கவேணும்.

ஆண்டவனின் கோட்டையை மட்டும் காப்பாற்றி, உழைத்தவனின் வாடியை இடிய விட்டால், நாளைக்கு எங்கட பிள்ளையள் இந்தக் கரையில ஒல்லாந்தர் மட்டும்தான் வாழ்ந்தவை எண்டு படிப்பார்கள்.