எஞ்சினை மட்டும் மாற்றினால் போதுமா?



பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அதைவிடப் பெரிய எஞ்சினை வைக்கலாமா? எங்கள் வகுப்பில் இதற்கு இரண்டு கட்சி. "பெரிய எஞ்சினைத் தூக்கி வெச்சா கார் பறக்கும்" என்பது ஒன்று. "பழசுல கையே வைக்கக் கூடாது" என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் இல்லை. எஞ்சினை மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். இதுதான் என் கருத்து.

இதற்கு நல்ல உதாரணம் கோப்ரா கார். இங்கிலாந்தில் ஏ.சி. கம்பெனி 1953-ல் 'ஏஸ்' என்ற சின்ன காரைக் கொண்டு வந்தது. பிறகு அதில் பிரிஸ்டல் கம்பெனியின் 2 லிட்டர் எஞ்சினும் வைத்து விற்றார்கள். 1961-ல் பிரிஸ்டல் அந்த எஞ்சினை நிறுத்த முடிவு செய்தது. அப்போது அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி, அந்தக் காரில் அமெரிக்க எஞ்சின் வைக்கலாமே என்று ஏ.சி.க்குக் கடிதம் எழுதினார். 1962-ல் ஃபோர்டு கம்பெனியின் 4.2 லிட்டர் வி-8 எஞ்சின் உள்ளே போனது. சுமார் 120 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 260!

எஞ்சினை வைத்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டார்கள். பின் அச்சுக்குச் சக்தி போகும் பல்சக்கரப் பெட்டியையும் பலமானதாக மாற்றினார்கள். 1965-ல் 7 லிட்டர் எஞ்சின் வைத்தபோது சேஸிஸின் முக்கியக் குழாய்களே 3 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகப் பருத்தன. ஸ்பிரிங்கும் வேறு வகையானது.

இன்னொரு விஷயம் கேளுங்கள். அதே 1965-ல் ஜி.டி. கார்களுக்கான உலகப் பட்டத்தைக் கோப்ரா வென்றது. வென்று கொடுத்தது 7 லிட்டர் எஞ்சின் இல்லை, 4.7 லிட்டர்தான்!

ஏன் பிரேக், பிரேக் என்கிறேன்? வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அறிவியல் பாடம்தானே! 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து 10 மீட்டரில் நிற்கிற வண்டி, 80 கி.மீ. வேகத்தில் அதே பிரேக்கில் 40 மீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்த 30 மீட்டருக்குள் ஒரு குழந்தை ரோட்டைக் கடந்தால்?

"பழசுல கை வைக்காதே" என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1962-ல் ஏஸ் கடையில் கிடைத்த கார். இன்று மிச்சம் இருப்பவை கொஞ்சம்தான். அதனால் இன்று மாற்றுகிறவர்கள் பாடியை வெட்டாமல் மாற்றட்டும். பழைய எஞ்சினைப் பழைய இரும்புக் கடையில் போடாமல் பத்திரமாக வைக்கட்டும். நாளைக்கு வேண்டுமென்றால் திரும்பப் பொருத்தலாம்.

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் ஏது என்று சிரிக்காதீர்கள். பைக் இருக்கிறதே! ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் மாமா சொல்வார்: "வேகத்தக் கூட்டணும்னு வர்றவங்க நெறைய. பிரேக் ஷூ மாத்த வர்றவங்க கம்மி." நம் நாட்டில் அனுமதி வாங்காமல் எஞ்சினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தப்பும்கூட.

அண்ணன்களே, முதலில் நிற்கக் கற்றுக்கொண்ட வண்டிதான் வேகமாகப் போகலாம். மறுப்பு இருந்தால் எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் ஒட்டுவோம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி