ஆணமாகுமுன் ஒரு படம்

காக்காமாரே, தம்பிமாரே, மூச்சடக்கி முங்கத் தெரிந்தவர்களே, கையில் கமரா வைத்திருப்பவர்களே!

மீன்களைப் படமெடுக்க நாளைக்கே இறங்குவோம். ஐப்பசி மழை வந்துவிட்டால் வாவி கலங்கும், முகத்துவாரம் வெட்டுப்படும், தண்ணிக்குள் நீட்டிய கை நமக்கே தெரியாது. மிச்சம் இருப்பது சில கிழமைகள்தான்.

மீன் பாடும் வாவி என்று பெருமை பேசுகிறோம். பாடுவது எது? 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இந்த வாவியில் தோணியில் போய்க் காதுகொடுத்துக் கேட்டார். மீனவர்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரி என்ற நத்தையை! ஊரியா மீனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கதை சேர்த்த அளவுக்கு நாம் சான்று சேர்க்கவில்லை.

படத்தால் என்ன ஆகும் என்பவர்களுக்கு மனாடோவைச் சொல்லுங்கள். 1997இல் அந்த இந்தோனேசிய நகரச் சந்தையில், தேனிலவுக்கு வந்த கடலியல் ஆய்வாளரும் மனைவியும் ஒரு விநோத மீனைக் கண்டு படம் எடுத்தார்கள். மீனை வாங்காமல் விட்டுவிட்டார்கள். அது சீலகாந்த் என்ற அரிய மீன். ஆபிரிக்கப் பக்கத்துக்கு வெளியே அது இருக்குமென்று அப்போது ஆய்வாளர் யாருக்கும் தெரியாது. மறுவருடம் மீனவர் வலையில் இன்னொன்று பட்டது. 1999இல் புதிய இனமாகப் பெயர் பெற்றது. துப்புக் கொடுத்தது அந்தப் படம்தான்.

போன வருடம் எனக்கும் ஒரு திருக்கை வந்தது. முதுகில் நான் கண்டேயிராத புள்ளிகள். கமரா வீட்டில். பகலுக்குள் அது ஆணமாகிவிட்டது. ருசியாக வேறு இருந்தது, அதுதான் கவலை.

ஆகவே ஐஸ் போடுமுன் எடுங்கள், செத்த மீனின் நிறம் மளமளவென்று மாறிவிடும். தலை உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். செட்டையை விரித்துப் பிடியுங்கள். முதுகு முள்ளை எண்ணித்தான் பல மீன்களை இனம் பிரிக்கிறார்கள். பக்கத்தில் அடிமட்டம், இல்லையென்றால் ஒரு பத்து ரூபாய்க் குற்றி. தோணிக்காரர் சொல்லும் பெயரையும் எழுதுங்கள்: நம் ஓராவும் யாழ்ப்பாணத்து ஓராவும் ஒன்றுதானா? வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்ப வேண்டாம், படம் சுருங்கிவிடும், இடமும் நேரமும் கழன்றுவிடும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுங்கள், எங்கோ இருக்கும் மீன் நிபுணர் பார்த்துப் பெயர் சொல்லக்கூடும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கும் ஒரு பிரதி கொடுப்போம்.

முங்குபவர்களே, 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலுக்கு ஆசைப்படாதீர்கள். அது ஐம்பது மீற்றருக்கும் கீழே, பெரிய பயிற்சி பெற்றவர்களின் இடம். நமக்குப் பாசிக்குடா போதும். 1998இல் கடல் சூடேறி வெளிறிச் செத்த முருகைக்கற்களுக்கிடையே இன்று எந்த மீன் குடியிருக்கிறது? சோடியாக முங்குங்கள், கல்லைத் தொடாதீர்கள்.

நாளை சுபஹு தொழுதுவிட்டு, தோணிகள் கரையேறும் இடத்துக்கு வாருங்கள். இரவே பற்றரிக்குச் சார்ஜ் போட்டு வையுங்கள்.