ஏஜெண்ட் வேண்டுமா, மாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா நிலையத்தில் மீன் வாங்கிக்கொண்டு, அப்படியே உணவுக் கடைப் பக்கம் தோசைக்கு உட்கார்ந்தோம். தட்டைத் தொடுவதற்கு முன்பே அக்கா மகள் கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள்.

“மாமா, ஈசூன் வீட்டுக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சு. வித்துட்டு அம்மா பக்கத்துல வந்துரலாம்னு பாக்குறோம். ஏஜெண்ட் வைக்கணுமா, நாங்களே ஆன்லைன்ல போட்டுக்கலாமா?”

அக்கா இருப்பது வாம்போவில். பேரனைப் பள்ளி முடிந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அக்காவுக்கும் முட்டிவலி. காரணம் புரிந்தது. மாப்பிள்ளை கணக்கை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். ஈசூன் நான்கறை வீடு 600,000 வெள்ளிக்குப் போனால், வழக்கமான 2 விழுக்காடு கமிஷன் 12,000 வெள்ளி. அதன்மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 13,080. வாம்போவில் 700,000 வெள்ளிக்கு வாங்கினால் 1 விழுக்காடு, அதற்கும் ஜிஎஸ்டி, ஆக 7,630. மொத்தம் 20,710 வெள்ளி.

“பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் அரசாங்கம் 20,000 வெள்ளி மானியம் தருது. அதை அப்படியே ஏஜெண்ட் கையில குடுக்கணுமா மாமா?” என்றார் மாப்பிள்ளை. நியாயமான கேள்விதான். இன்னும் சொல்லப்போனால், மானியம் மசேநிதிக் கணக்கில்தான் விழும். கமிஷனைக் கையிலிருந்து ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

பதிலை உடனே சொல்லவில்லை. எனக்கு இரண்டு விதத்திலும் சூடுபட்ட அனுபவம் உண்டு.

2007ல் முதல் வீடு வாங்கியபோது, விற்றவருக்கும் எனக்கும் ஒரே முகவர்தான். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டார். “நம்ம ஆளு சார், நான் பாத்துக்கறேன்” என்று அவர் சொன்னதை நம்பினேன். யாருடைய ஆள் என்று கேட்கத் தோன்றவில்லை. 2010ல் சொத்து முகவர் சட்டம் வந்து, சிஇஏ எனப்படும் சொத்து முகவர் மன்றம் அமைந்த பிறகு, ஒரே விற்பனையில் இரு தரப்புக்கும் ஒருவரே முகவராக இருப்பது தடை செய்யப்பட்டது. வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் கையில் வாங்கவும் கூடாது. முன்பணமோ வேறு தொகையோ தன் கணக்குக்கு அனுப்பச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

2019ல் அந்த வீட்டை விற்றபோது, ஒரு முறை பட்டது போதும் என்று முகவர் இல்லாமலே இறங்கினேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீவக தன் மறுவிற்பனை இணையவாசலைத் திறந்திருந்தது. பதினாறு வாரம் எடுத்த வேலை எட்டு வாரமாகக் குறையும் என்றார்கள். படிவங்கள் உண்மையிலேயே சுலபமாக இருந்தன. மார்ச்சில் இன ஒதுக்கீட்டைப் பார்த்தேன், எல்லா இனத்தாருக்கும் விற்கலாம் என்று காட்டியது. மாதக் கடைசியில் ஒரு சீனத் தம்பதியுடன் விலை பேசி முடித்தோம். அவர்கள் பணத்தைப் புரட்ட ஒரு வாரம் கேட்டார்கள், சரி என்றேன். ஏப்ரல் முதல் தேதி பார்த்தால், எங்கள் புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது. அவ்வளவுதான், பேச்சு முறிந்தது. ஒதுக்கீட்டு நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது என்று வீவக தளத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. படிக்காதது என் தவறு. இரண்டு மாதம் கழித்து 15,000 வெள்ளி குறைத்து விற்றேன். மிச்சம் பிடித்த கமிஷன் அதிலேயே போய்விட்டது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நம் குடும்பங்களுக்கு வீடு விற்பதில் எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒரு புளோக்கில் சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் இதர இனத்தவரும் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. அக்கம்பக்க வட்டார அளவில் இந்த வரம்பு முறையே 84, 22, 12. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்கக்கூடியவர்களில் மிகப் பெரிய கூட்டம் ஒரே நாளில் இல்லாமல் போய்விடும். மிஞ்சுகிறவர்களுக்கும் இது தெரியும், விலையைக் குறைத்துக் கேட்பார்கள். இதில் சிக்கி மிகவும் சிரமப்படும் உரிமையாளர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் உதவியை அரசாங்கம் 2022ல் அறிவித்தது. ஆனால் அது கடைசி வழி.

வாங்கும்போது கதை தலைகீழ். இந்தியர் வரம்பு நிரம்பிய புளோக்கில், இந்தியர் அல்லது இதர இனத்தவர் விற்கும் வீட்டைத்தான் நாம் வாங்க முடியும். கோயிலுக்குப் பக்கம், தேக்காவுக்குப் பக்கம் என்று தேடுகிறவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்து மனதைக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே மகளிடம் நான் முதலில் கேட்டது, “உங்க புளோக்ல சீனர் கோட்டா நிரம்பியிருக்கா?” அங்கேயே சிங்பாசில் நுழைந்து பார்த்தாள். நிரம்பியிருந்தது. தோசை ஆறிக்கொண்டிருந்தது.

முகவருக்கு நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். முன்பு மூன்று வேலைகள் இருந்தன: விளம்பரம், படிவம், பேரம். விளம்பரம் இப்போது யார் கையிலும் இருக்கிறது. புரொப்பர்ட்டிகுரு, 99.கோ போன்ற தளங்களில் முகவர்கள்தான் பட்டியல் போடுகிறார்கள், நாம் வீட்டு உரிமையாளராகவும் சிலவற்றில் போடலாம். 2024 மே மாதத்திலிருந்து வீவகவும் தன் தளத்தில் இலவசமாகப் பட்டியலிட விடுகிறது. விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், விலையைக் கன்னாபின்னாவென்று போட்டால் எச்சரிக்கை வரும். படிவ வேலைக்கு வீவக கேட்கும் கட்டணம் மூன்றறை அல்லது பெரிய வீட்டுக்கு 80 வெள்ளி. வழக்கறிஞர் செலவு தனி. மிச்சமிருப்பது பேரம். எந்த விலைக்குப் போடுவது, யாரிடம் இறங்கிவருவது, யாரை விடக்கூடாது என்பது. கமிஷனின் பெரும்பகுதி இன்று இதற்குத்தான்.

இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் கடைத்தெருவில் சொத்து முகவர்களின் கடைகள் உண்டு, கண்ணாடியில் வீடுகளின் படம் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கடைகளை ஒழித்துவிடுவோம் என்று 2014ல் ‘பர்பிள்பிரிக்ஸ்’ இணையத்தில் குறைந்த நிலையான கட்டணத்துடன் வந்தது. வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டணம் உண்டு என்பதுதான் அதில் பலரை உறுத்தியது. 2023ல் அந்த நிறுவனம் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. இங்கே 2016ல் இரண்டு சகோதரிகள் தொடங்கிய ‘ஓமைஹோம்’ உரிமையாளர்கள் தாங்களே விற்பதற்கான தளமாகத்தான் புறப்பட்டது. பிறகு நிலையான கட்டணத்தில் முகவர் சேவையையும் சேர்த்துக்கொண்டது. மக்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்ய விரும்புவதில்லை என்று எனக்கு இதிலிருந்து படுகிறது. நிலையான கட்டணம் கேட்கும் யாரிடமும் ஒரு கேள்வி போதும்: பணம் எப்போது, வீடு விற்ற பிறகா, அதற்கு முன்பா?

நம்மிடம் அப்படிக் கடைத்தெரு இல்லை. பெரிய நிறுவனங்கள் தோ பாயோவில் இருக்கின்றன, ஆனால் முகவரை நாம் சந்திப்பது காப்பிக் கடையிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும்தான். அஞ்சல் பெட்டியில் வாரம் ஒரு துண்டுத்தாள் விழும், “உங்கள் புளோக்கில் வாங்க ஆள் தயார்!” என்று. தயாராக இருக்கும் அந்த ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை.

தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இணையத்தையும் தேர்ந்தெடுப்பதில்லை, கடையையும் தேர்ந்தெடுப்பதில்லை. தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்கிறோம். கோயிலில் பார்ப்பவர், மச்சானின் நண்பர், பழைய பள்ளித் தோழர். இதில் நல்லதும் உண்டு. ஒதுக்கீடு நிரம்பிய வீட்டுக்கு இந்திய, மலாய்க் குடும்பங்களை நேரடியாகத் தெரிந்த ஒருவர், ஆயிரம் பேர் பார்க்கும் விளம்பரத்தைவிட மேல். ஆடியில் நாம் வீடு மாறமாட்டோம், வாசல் எந்தத் திசை என்று கேட்போம் என்பதையெல்லாம் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. சங்கடமும் அதே இடத்தில்தான். தெரிந்தவரிடம் கமிஷனைக் குறைக்கக் கேட்க நமக்கு வாய் வராது. சரியாகச் செய்யவில்லை என்றால் மாற்றவும் முடியாது, அடுத்த கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் கமிஷனுக்கு நிர்ணயித்த விகிதம் எதுவும் கிடையாது. 2 விழுக்காடு என்பது பழக்கம், சட்டமல்ல. பேசலாம். மாமன் மகனாகவே இருந்தாலும் சிஇஏயின் ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தொகையும் காலமும் அதில் இருக்கும். ஒருவருக்கே என்று கொடுக்கும் ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. சிஇஏயின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் அவர் பதிவு பெற்றவரா என்பதோடு, இதுவரை எந்த வட்டாரத்தில் என்ன வீடுகளை முடித்துக் கொடுத்தார் என்பதும் தெரியும். நாட்டில் 35,000க்கும் மேற்பட்ட முகவர்கள் இருக்கிறார்கள். ஈசூனில் ஒரு வீடுகூட விற்காதவரை ஈசூன் வீட்டுக்கு ஏன் வைக்க வேண்டும்?

மகள் அன்றிரவே மூன்று பெயர்களைத் தட்டிப் பார்த்தாள். தெரிந்தவர் என்று அக்கா சொன்னவர் நல்லவர்தான், ஆனால் அவர் முடித்ததெல்லாம் கிழக்கே. மூவரில் ஒருவர் ஈசூனில் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்குகளில் அண்மையில் சில வீடுகளை விற்றிருந்தார், மலாய்க்காரர். அவரிடம் 1.5 விழுக்காட்டுக்குப் பேசி முடித்தார்கள். அக்காவுக்கு முதலில் வருத்தம். விற்றது ஒரு மலாய்க் குடும்பத்துக்கு, மாப்பிள்ளையின் எக்செல் தாளில் இருந்த விலையைவிட 5,000 வெள்ளி மட்டும் குறைவாக.

வாங்கும் பக்கத்துக்கு முகவர் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். நானும் மறுக்கவில்லை. தேடுவது ஒரு சிறிய வட்டாரம், அக்காவுக்கு அங்கே ஒவ்வொரு புளோக்கும் மனப்பாடம், அண்மைய விலைகள் வீவக தளத்தில் புளோக் வாரியாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் எச்சரித்தேன். வீட்டைக் காட்டுகிற முகவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் விற்பவரின் ஆள். “வேற ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இன்னிக்கே சொல்லுங்க” என்பது அவருடைய வேலை.

வாம்போ, தேக்கா போன்ற பழைய வட்டாரங்களில் குத்தகையையும் பார்க்க வேண்டும். வாங்குபவரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை மிச்சமிருந்தால்தான் மசேநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். 55 ஆண்டு மிச்சமுள்ள வீட்டை 30 வயதுக்காரர் வாங்கினால் 85தான் வரும், பயன்படுத்தக்கூடிய தொகை குறையும். படம் பார்த்து மயங்கிய இரண்டு வீடுகள் இந்தக் கணக்கில் கழன்றுகொண்டன.

பிறகு ஓடிபி. வங்கி கைப்பேசிக்கு அனுப்புகிறதே, அது அல்ல. வீட்டை வாங்கும் உரிமைக்கான பத்திரம். அதற்கு 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிவரை கொடுக்கலாம். அதன் பிறகு 21 நாள் அவகாசம், அதற்குள் விற்பவர் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. கடனோ மசேநிதியோ பயன்படுத்துபவர்கள் பத்திரம் வாங்கிய மறுவேலை நாளுக்குள் வீவகவிடம் மதிப்பீடு கேட்க வேண்டும், கட்டணம் 120 வெள்ளி. விலை பேசி முடித்த பிறகுதான் மதிப்பீடு தெரியவரும், 2014 முதல் இதுதான் முறை. பேசிய விலை மதிப்பீட்டைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதையும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். முகவர் இல்லாமல் வாங்குபவருக்கு உண்மையான பயம் இந்த இடத்தில்தான். மாப்பிள்ளை அதற்கென 20,000 வெள்ளி ஒதுக்கி வைத்து, அதைத் தாண்டினால் விட்டுவிடுவது என்று எழுதியே வைத்துவிட்டார்.

வாடகைக்குத் தேடும் இளையர்களின் பாடு வேறு. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் “வீடு போயிடுச்சு” என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அது இன்னொரு வாரத்துக்கு.

போன செவ்வாய்க்கிழமை பத்திரம் வாங்கிவிட்டார்கள். பத்தாவது மாடி, கிழக்குப் பார்த்த வாசல், அக்கா வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எல்லாம் சரியாக நடந்தால் சாவி கிடைக்கும்போது ஆவணி பிறந்திருக்கும் என்று அக்கா நாள்காட்டியைப் புரட்டிச் சொல்கிறார். மதிப்பீடு இன்னும் வரவில்லை. மகள் நாளுக்கு மூன்று முறை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறாள்.