முதல் ரீஃபர் லோடு

சிமெண்டும் அரிசியும் ஏற்றிக்கொண்டிருந்த என் அண்ணன் பேரன், போன மாதம் முதல்முறையாக ரீஃபர் டிரெய்லர் எடுத்தான். நெல்லூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு உறைந்த இறால். ஸ்விட்சைக் காட்டினார்களாம், சாவியைக் கொடுத்தார்களாம். அவ்வளவுதான் பயிற்சி!

(பிரெஞ்சில் படித்த எங்களுக்கு 'ஃப்ரிகோரிஃபிக்' என்றால்தான் வாய்க்கு வரும். 1876-ல் ருவானிலிருந்து புவெனஸ் ஐரிஸுக்கு இறைச்சி கொண்டுபோன ஷார்ல் தெலியேவின் கப்பலுக்கே அதுதான் பெயர்.)

வண்டியிலுள்ள யந்திரம் சரக்கை உறைய வைப்பதற்கல்ல. உறைந்ததை அப்படியே காப்பதற்கு. மைனஸ் 18 டிகிரியில் ஏற வேண்டிய இறால் மைனஸ் 10-ல் ஏறினால் வழியில் சரியாகிவிடாது. பெட்டிகளைக் கூரை வரை அடைத்தால் குளிர்காற்றும் ஓடாது. ஆனால் இறக்குமிடத்தில் குளிர் குறைந்திருந்தால் முதலில் மாட்டுபவன் டிரைவர்தான்.

ஆயுசு முழுக்க சர்க்கார் ஆபீசில் கையெழுத்துகளோடு மாரடித்தவன் நான். "ஏற்றும்போதே தெர்மாமீட்டர் வைத்துப் பார். அந்த அளவை ரசீதில் எழுதாமல் கையெழுத்துப் போடாதே" என்றேன்.

"அப்படிக் கேட்டா அடுத்த லோடு வேற ஆளுக்குப் போயிடும் தாத்தா."

டீசல் மிச்சம் பிடிக்க ராத்திரியில் யந்திரத்தை நிறுத்துகிற டிரைவர்கள் உண்டு, மறுக்கவில்லை. அதைப் பிடிக்க வண்டியிலேயே பதிவுக் கருவி இருக்கிறது. ஏற்றி அனுப்புகிறவரைப் பிடிக்க என்ன இருக்கிறது? ஏற்றுமிடத்திலேயே இரு தரப்பும் அளவைப் பார்த்துக் கையெழுத்திடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். புதிதாக வந்த பையன் கெஞ்சிக் கேட்கிற சலுகையாக அது இருக்கக் கூடாது.