சேவ் கொடுத்த ஃபைல் எங்கே போச்சு? பிரவுசிங் சென்டர் முதல் அரசு லேப்டாப் வரை... தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"அண்ணா, நேத்து இங்கதான் டைப் பண்ணி சேவ் கொடுத்தேன். இப்போ காணோமே!"

"எந்த ஃபோல்டர்லம்மா போட்ட?"

"அது தெரியலண்ணா... சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு, ஓகே கொடுத்தேன்."

கருங்குழி, மதுராந்தகம், அச்சிறுப்பாக்கம் என ஜி.எஸ்.டி. சாலையோர ஊர்களில் எந்த பிரவுசிங் சென்டரிலும் காதில் விழக்கூடிய உரையாடல்தான் இது. தேடினால் பெரும்பாலும் ஃபைல் கிடைத்துவிடும். ஆனால் நாளைக்கு ரெக்கார்டு சப்மிட் செய்ய வேண்டிய மாணவிக்கோ, இன்றைக்குக் கடைசி தேதி என்று விண்ணப்பம் போட வந்தவருக்கோ அந்த அரை மணி நேரம் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

சேவ் பட்டனை அழுத்துவது நாம். ஆனால் எங்கே சேவ் ஆக வேண்டும் என்று முடிவு செய்வது யார்? இந்தக் கேள்வி இப்போது முக்கியமாகியிருப்பதற்கு 2 காரணங்கள் இருக்கின்றன.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

முதல் காரணம், தமிழ்நாடு அரசின் லேப்டாப் திட்டம். 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கும் திட்டம் 2026 ஜனவரியில் தொடங்கியது. முதல் கட்டம் 10 லட்சம் பேருக்கு. 2 ஆண்டுகளில் 20 லட்சம் என்பது இலக்கு. இவர்களில் பலருக்கு வீட்டுக்கு வரும் முதல் கம்ப்யூட்டரே இதுதான். அதில் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றன.

இரண்டாவது காரணம், மைக்ரோசாஃப்ட் எடுத்த ஒரு முடிவு. வேர்டில் புதிதாகத் திறக்கும் ஃபைல்கள் இனி தானாகவே கிளவுடில் சேவ் ஆகும் என்று 2025 ஆகஸ்ட்டில் அந்த நிறுவனம் அறிவித்தது. முதலில் சோதனைப் பயனாளர்களுக்கு இது வந்தது. இதுவரை நாம் 'சேவ்' கொடுத்த பிறகுதான் ஃபைல் ஓர் இடத்துக்குப் போகும். புதிய முறையில் ஃபைலைத் திறக்கும்போதே அதற்கு ஒரு பெயரும் கிளவுடில் ஓர் இடமும் ஒதுக்கப்பட்டுவிடும்.

டீஃபால்ட் இடம் என்றால் என்ன?

நாம் எதுவும் சொல்லாவிட்டால் சாஃப்ட்வேர் தானாகத் தேர்ந்தெடுக்கும் இடம்தான் டீஃபால்ட். வேர்டில் டைப் செய்தது 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். இணையத்தில் இறக்கியது 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டருக்குப் போகும். ஸ்கிரீன்ஷாட் 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் போகும்.

1990களில் 'மை டாக்குமென்ட்ஸ்' வந்தபோது இது பெரிய வசதி. ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒவ்வொரு மூலையில் ஃபைலைப் போட்ட காலம் மாறி, எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. அந்த இடம் நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. இப்போது அதே பெயருள்ள ஃபோல்டர் இணையத்தில் இருக்கும் ஒன்டிரைவ் கணக்கோடு இணைந்திருக்கலாம். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

5 ஜிபி கணக்கு

அரசு லேப்டாப்பில் உள்ள சேமிப்பு இடம் 256 ஜிபி. மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவில் இலவசமாகத் தரும் இடம் 5 ஜிபி. அதாவது கையில் இருப்பதில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு.

புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டரை முதல்முறை செட்டப் செய்யும்போதே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் பேக்கப் தானாக ஆன் ஆகிவிடுகிறது, தங்களைக் கேட்கவே இல்லை என்று 2024இல் பல நாடுகளிலும் பயனாளர்கள் புகார் சொன்னார்கள். போட்டோ, வீடியோ, கல்லூரி பிபிடி என்று போட்டால் 5 ஜிபி எத்தனை நாள் தாங்கும்? நிறைந்ததும் "ஸ்டோரேஜ் ஃபுல்" என்ற எச்சரிக்கை வரத் தொடங்கும். புதிய ஃபைல்கள் மேலே ஏறாது. கூடுதல் இடம் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இடம் நிறைந்துவிட்டதே என்று ஒன்டிரைவ் இணையதளத்துக்குப் போய் ஃபைல்களை அழிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருக்கத்தானே செய்யும் என்ற நம்பிக்கை. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். தனிநபர் கணக்கு என்றால் ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும். அதற்குள் மீட்டால் உண்டு.

இன்னொரு அதிர்ச்சியும் உண்டு. பேக்கப்பே வேண்டாம் என்று ஆஃப் செய்ததும் டெஸ்க்டாப் திடீரென்று காலியாகத் தெரியலாம். பதற வேண்டாம். ஃபைல்கள் அழியவில்லை. ஒன்டிரைவ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு 'டெஸ்க்டாப்' ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

யாருடைய கணக்கு?

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை செட்டப் செய்ய வழக்கமாக மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். மாணவிக்குக் கணக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டு அண்ணனோ, கம்ப்யூட்டர் கடைக்காரரோ அவசரத்துக்குத் தன் கணக்கைப் போட்டு லேப்டாப்பை ஓட வைத்துவிடுவார். உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த மாணவியின் ஃபைல்களும் போட்டோக்களும் அந்த அண்ணனின் ஒன்டிரைவுக்குப் போகக்கூடும். இரண்டு பேருக்கும் அது தெரியாமலேயே நடக்கும்.

அதனால் லேப்டாப் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம், செட்டிங்ஸில் இருக்கும் பெயரும் மெயில் ஐடியும் யாருடையது என்பதுதான்.

கிளவுட் கெட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. லேப்டாப் திருடு போனாலும், ஹார்டு டிஸ்க் செத்துப்போனாலும் கிளவுடில் இருக்கும் ஃபைல் பிழைக்கும். கரண்ட் போனாலும் பாதி டைப் செய்தது தங்கும். இதைத்தான் நிறுவனங்கள் காரணமாகச் சொல்கின்றன. அது உண்மையும்கூட. கூடவே அவர்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. இலவச இடம் நிறைந்தால் கட்டண வாடிக்கையாளர் கிடைப்பார்.

கம்ப்யூட்டரிலேயே வைத்தால் பிரச்னை இல்லை என்பதும் தவறான நம்பிக்கை. "சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணா" என்று கடைக்குக் கொடுத்தால் சி டிரைவை ஃபார்மெட் செய்து புதிதாக விண்டோஸ் போட்டுத் தருவது நம் ஊர் வழக்கம். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் வழக்கமாக இருப்பது அதே சி டிரைவில்தான். முன்கூட்டியே எடுத்து வைக்கவில்லை என்றால் எல்லாம் காலி. டி டிரைவில் வைத்தவருக்குத் தப்பும். ஆனால் டி டிரைவும் பெரும்பாலும் அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிதான். டிஸ்க்கே போனால் இரண்டும் போகும்.

2018இல் நடந்தது என்ன?

சேவ் ஆகும் இடத்தை மாற்றும்போது கவனம் தேவை என்பதற்கு 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஓர் உதாரணம். 1809 என்று அழைக்கப்பட்ட அந்த அப்டேட்டைப் போட்ட சிலரின் டாக்குமென்ட்ஸும் போட்டோக்களும் மாயமாகின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்து, சரிசெய்து, நவம்பர் 13ஆம் தேதிதான் மீண்டும் வெளியிட்டது.

டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியவர்களில் சிலர், பழைய இடத்தில் இருந்த ஃபைல்களை நகர்த்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்தப் பழைய ஃபோல்டர் தேவையில்லாதது என்று எடுத்துக்கொண்டு அப்டேட் அதை அழித்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலர் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் ஃபைலை இழந்தவருக்கு அது நூற்றுக்கு நூறு இழப்பு.

பிரவுசிங் சென்டரில் ஆபத்து வேறு

சொந்த கம்ப்யூட்டரில் ஃபைல் தொலைவதுதான் பயம். பொதுக் கம்ப்யூட்டரில் ஃபைல் தொலையாமல் அங்கேயே கிடப்பதுதான் பயம்.

பட்டா, வில்லங்கச் சான்று, சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கி பாஸ்புக் என எதை டவுன்லோட் செய்து பிரின்ட் எடுத்தாலும் அது அந்தக் கடை கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விழுகிறது. பிரின்ட்டை வாங்கிக்கொண்டு நாம் பஸ் ஏறிவிடுவோம். அடுத்து உட்காருபவர் அதே ஃபோல்டரைத் திறந்தால் நம் பெயர், பிறந்த தேதி, சர்வே எண் எல்லாம் அங்கே இருக்கும். பொதுக் கம்ப்யூட்டரில் இ-ஆதார் இறக்கினால் எல்லா காப்பிகளையும் நிரந்தரமாக அழித்துவிட வேண்டும் என்பது ஆதார் ஆணையத்தின் அறிவுரை.

வெறும் டெலீட் போதாது. அது ரீசைக்கிள் பின்னில் உட்கார்ந்திருக்கும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் லாக்-அவுட் செய்வதும் அவசியம். "அண்ணா, என் ஃபைலை அழிச்சிடுங்க" என்று கடைக்காரரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

போனில் எங்கே போகிறது?

ஆண்ட்ராய்டில் குரோம் வழியாக இறக்கியது 'டவுன்லோட்' ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் அங்கே இருக்காது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் என்று உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஹால் டிக்கெட் மாதிரி முக்கியமானது வாட்ஸ்அப்பில் வந்தால், உடனே தனியாக ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து வைப்பது நல்லது. ஐபோனில் ஐகிளவுட் டிரைவ் ஆன் ஆகியிருந்தால் சஃபாரி டவுன்லோட் அங்கேதான் போகும். அங்கேயும் இலவசம் 5 ஜிபிதான்.

மாற்றுவது எப்படி?

• வேர்ட்: ஃபைல் > ஆப்ஷன்ஸ் > சேவ். அங்கே 'கிரியேட் நியூ ஃபைல்ஸ் இன் தி கிளவுட் ஆட்டோமேட்டிக்கலி' என்று இருந்தால் டிக்கை எடுக்கவும். 'சேவ் டு கம்ப்யூட்டர் பை டீஃபால்ட்' என்பதை டிக் செய்யவும். எந்த ஃபோல்டர் என்பதையும் அதே பக்கத்தில் மாற்றலாம்.

• ஒன்டிரைவ்: திரையின் கீழே வலது ஓரத்தில் மேகம் போன்ற ஐகான் > செட்டிங்ஸ் > சிங்க் அண்ட் பேக்கப் > மேனேஜ் பேக்கப். எந்தெந்த ஃபோல்டர் கிளவுடுக்குப் போக வேண்டும் என்பதை இங்கே முடிவு செய்யலாம்.

• டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்: அதன் மேல் ரைட் கிளிக் > பிராப்பர்ட்டீஸ் > லொக்கேஷன் > மூவ். டி டிரைவை அப்படியே கொடுக்காமல், அதற்குள் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் கொடுக்கவும். பழைய ஃபைல்களையும் நகர்த்தவா என்று கேட்டால் 'யெஸ்' கொடுக்கவும். 2018இல் சிலர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

• குரோம்: செட்டிங்ஸ் > டவுன்லோட்ஸ். ஒவ்வொரு ஃபைலையும் எங்கே வைப்பது என்று கேட்கும் ஆப்ஷனை ஆன் செய்யலாம். போனிலும் இந்த வசதி உண்டு.

• பாஸ் லினக்ஸில் லிப்ரே ஆஃபீஸ்: டூல்ஸ் > ஆப்ஷன்ஸ் > பாத்ஸ். இங்கே ஒரு விஷயம். விண்டோஸில் உள்ள டாக்குமென்ட்ஸும் லினக்ஸில் உள்ள டாக்குமென்ட்ஸும் வேறு வேறு. விண்டோஸில் சேவ் செய்ததை லினக்ஸில் தேடி "காணோம்" என்று பயப்பட வேண்டாம்.

அரசுகளும் கேட்கும் கேள்வி

நம் தகவல் யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி மாணவர்களோடு நிற்கவில்லை. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸிலிருந்து லிப்ரே ஆஃபீஸுக்கு மாற்றப் போவதாக 2024இல் அறிவித்தது. தகவல் தங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தியாவில் மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் தன் அதிகாரிகளை ஜோஹோவின் ஆஃபீஸ் மென்பொருளுக்கு மாறச் சொன்னது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கூடுவாஞ்சேரி பகுதியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் அதே ஜோஹோதான். ஆனால் நம்ம ஊர் கிளவுட் என்றாலும் அதுவும் கிளவுட்தான். எந்தக் கணக்கு, எந்த ஃபோல்டர் என்று பார்ப்பது நம் வேலை.

அப்போ என்னதான் செய்வது?

கிளவுடா, கம்ப்யூட்டரா என்ற சண்டை தேவையில்லை. முக்கியமான ஃபைல் என்றால் லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ ஒன்று, சொந்தக் கணக்கின் கிளவுடில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். தற்செயலாக இல்லாமல், தெரிந்தே அப்படி இருக்கட்டும்.

அடுத்த முறை 'சேவ்' என்று திரை கேட்கும்போது, ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோல்டர் பெயரையும் ஒரு தடவை படித்துவிட்டு ஓகே கொடுங்கள். 2 விநாடிதான் ஆகும். மறுநாள் "எந்த ஃபோல்டர்லம்மா போட்ட?" என்று யாராவது கேட்டால், பதில் கையில் இருக்கும்.