கம்பத்தில் ஏறுகிறவர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபின், விழுந்த தென்னைகளைப் பற்றி நம் எழுத்தாளர்கள் பலர் எழுதினார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அடுத்து வந்த வாரங்களில் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தெருக்களில் ஓயாது கேட்ட ஓசை ஒன்று எந்தக் கதையிலும் நம் கண்ணில் படவில்லை. அது ஜெனரேட்டரின் ஓசை. ('மின்னாக்கி' என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நாமே, அதை இரவல் கேட்கப் போனபோது 'ஜெனரேட்டர்' என்றுதான் கேட்டோம்.)

மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்த புயல் அது. மேல்நிலைத் தொட்டி வறண்டது, கைபேசி அணைந்தது. நமக்கு உறவினர் ஒருவர் வழியாக ஒரு சிறிய பெட்ரோல் இயந்திரம் கிடைத்தது. அதிலிருந்து வீட்டுக்குள் மின்சாரம் கொண்டுவர, இருபுறமும் பிளக் மாட்டிய ஓர் ஒயரையும் கூடவே கொடுத்தார்கள். ஒரு முனையை இயந்திரத்திலும் மறுமுனையைச் சுவரிலுள்ள பிளக் பாயின்டிலும் செருகினால் வீடு முழுதும் விளக்கெரியும். எவ்வளவு எளிது! தெருவில் நான்கைந்து வீடுகளில் அப்படித்தான் எரிந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மேற்கு மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு லைன்மேன் நம் வாசலில் நின்றார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தோம். "ஏனுங்க சார், இந்தத் தெருவுல எந்தெந்த வீட்டுல ஜெனரேட்டர் ஓடுதுங்க? எல்லாத்தையும் நிறுத்திட்டுச் சொன்னீங்கன்னா, நான் ஏறிருவேனுங்க" என்றார். ஏன் என்று கேட்டோம். அவர் சொன்ன பதிலுக்குப் பிறகு, புறநானூற்றில் பிறர்க்கென வாழ்வது பற்றிப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்திய நாக்கு சற்று நேரம் எழவில்லை.

டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதை அன்று. 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிற அதே சாதனம், வீட்டிலிருந்து 230 வோல்ட் பின்னோக்கிப் போனால் மறுபுறம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தியும் விடும். பெரும்பாலும் அண்டை வீடுகளின் சுமை தாங்காமல் சிறு இயந்திரம் திணறி நின்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் புயலில் கம்பிகள் அறுந்து, நம் வீட்டோடு ஒரு துண்டுக் கம்பி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் திணறுவதற்கு அங்கே சுமையே இல்லை. 'லைன் செத்துப்போயிற்று' என்று நம்பித் தொடுகிறவர் கையில் அது உயிரோடிருக்கும். அவர்கள் வேலைக்கு முன் எர்த் ராடு மாட்டுவது இதற்காகவும்தான். இரவு பகலாக உழைக்கிற களைப்பில், ஒவ்வொரு கம்பத்திலும் அது தவறாமல் நடக்குமென்று நாம் எப்படிப் பந்தயம் கட்டுவது?

மெயினை அணைத்துவிட்டுத்தானே செருகுகிறோம் என்று நண்பர்கள் வாதிடுவார்கள். அணைத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டுமே. பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்ததும், 'கரண்ட் வந்துருச்சு' என்று வீட்டில் ஒரு பிள்ளை ஓடிப்போய் மெயினைப் போடும். அப்போது இரண்டு மின்சாரமும் மோதிக்கொள்ளும். அந்த ஒயரின் ஒரு முனை கழன்றாலோ, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் மின்சாரம் நிற்கும். அதைத் தொடும் பிள்ளையின் கதி என்ன?

ஆகவே நம் கருத்து இது: அந்த ஒயர் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தினால், வீடு ஒரு நேரத்தில் ஒரே மின்சாரத்தோடுதான் இணைந்திருக்கும். மறதிக்கு அங்கே இடமில்லை. அதற்கு வசதியில்லையென்றால் இயந்திரத்திலிருந்து நீட்டிப்பு ஒயர் இழுத்து விளக்கையும் கைபேசியையும் நேரே மாட்டிக்கொள்ளலாம், வீட்டு ஒயரிங்கைத் தொடாமலே. ஜெனரேட்டரை வாடகைக்கு விடுகிறவர்கள் இரட்டைப் பிளக் ஒயரைக் கூடவே கொடுப்பதைத் தடைசெய்ய வேண்டும். இயந்திரத்தை மட்டும் கொடுங்கள், போதும்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழையில் நனையுமென்றும், யாராவது தூக்கிப்போய்விடுவார்களென்றும் அஞ்சி மாடிப்படிக்குக் கீழே வைத்து ஓட்டினோம், அதுவும் தவறே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்பாது. ஜன்னல்களை விட்டு இருபதடியாவது தள்ளித் திறந்த வெளியில் வைத்து, மேலே தகரக் கூரை ஒன்று போட்டுக்கொள்வதே சரி.

அன்று ஜெனரேட்டர்களை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போனது நாம்தான். அவர் எர்த் ராடை மாட்டிவிட்டு ஏறினார். பொழுது சாய்வதற்குள் இறங்கியும் விட்டார். நம் வீட்டு ஒயரை அன்றிரவே நடுவில் வெட்டிப்போட்டோம். மூன்றாம் வீட்டுப் பெரியவரிடம் மட்டும் இன்னும் கேட்கத் துணியவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் அந்த ஒயர் ஆணியில் தொங்குகிறது. அடுத்த ஐப்பசிக்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும்.