பிறத்தியார் பிள்ளையள்



மே 8ஆம் திகதி நகரெங்கும் கொடி பறப்பதைக் கண்டு, புதிதாக வந்தவர்கள் மே 17 முந்தி வந்துவிட்டதோ என்று யோசிக்க வேண்டாம். 1945இல் ஜேர்மனியரின் பிடியிலிருந்து நோர்வே விடுபட்ட நாள் அது. 2011 முதல் முன்னாள் படையினரை மதிக்கும் நாளாகவும் இருக்கிறது. ஒஸ்லோவில் ஆகர்ஸ்ஹூஸ் கோட்டையில் மலர்வளையம் வைப்பார்கள். லீவு மட்டும் இல்லை, வேலைக்குப் போகத்தான் வேண்டும்!

கடந்த முறை எனக்கு இரவு வேலை. பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு, போர்கன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெஸ்ற்ற சேமக்காலைக்குப் போனேன். பிரித்தானியாவும் பொதுநலவாய நாடுகளும் அனுப்பிய 101 பேர் அங்கே கிடக்கிறார்கள். அநேகர் விமானப்படையினர். மகள் ஒரு கல்லைக் காட்டி, "அப்பா, இதில மே 10 எண்டு கிடக்கு. சண்டை முடிஞ்சுதுதானே?" என்றாள். முடிந்துதான் இருந்தது. துருப்புகளை ஏற்றி வந்த விமானங்கள் மோசமான காலநிலையால் விழுந்துவிட்டன.

இது உதவிக்கு வந்தவர்களுக்கு. பிடிக்க வந்தவர்களுக்கு?

என் வேலைத்தலத்திலிருந்து நடைதூரத்தில் அல்ஃபாசெத் சேமக்காலை. அதில் 3,000க்கும் மேற்பட்ட ஜேர்மன் படையினர். முதலில் நகரைப் பார்த்தபடி இருக்கும் ஏகபெர்க் மேட்டில் புதைத்திருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் கிண்டியெடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். கண்ணுக்கு முன்னால் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். அதில் நான் பிழை சொல்லமாட்டேன், ஐந்து வருடம் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் பெயர்களை அழிக்கவில்லை. இந்த நாட்டில் சாதாரண ஆளின் குழிக்கு 20 வருடம்தான் கணக்கு. பிறகு வீட்டுக்காரர் காசு கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். போரில் செத்தவர்களின் குழிக்கு அந்தக் கணக்கு இல்லை.

என் மூத்த அண்ணாவுக்குக் கோப்பாயில் ஒரு கல் இருந்தது. அவர் போனபோது நான் சின்னப்பிள்ளை, முகத்தைப் படத்தில் பார்த்ததுதான். 1995இல் யாழ்ப்பாணம் கைமாறிய பிறகு அந்தத் துயிலும் இல்லம் ஒருதரம் இடிபட்டது. சமாதான காலத்தில் திரும்பக் கட்டினார்கள். 2009க்குப் பிறகு மறுதரமும் தரைமட்டம். 2011இல் அதே காணியில் படைத் தலைமையகம் திறந்தார்கள். அண்ணா போன பாதை சரியா பிழையா என்று இங்கே வழக்காட நான் வரவில்லை. கார்த்திகையில் அம்மா வீதியோரத்தில் நின்றுதான் விளக்குக் கொளுத்துகிறா.

அன்று வேலைக்குப் போகும் வழியில் அல்ஃபாசெத்தில் இறங்கி, கைத்தொலைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். அங்கே நடுச்சாமம், ஆனாலும் முழித்துக்கொண்டுதான் இருந்தா.

"ஆற்றை பிள்ளையள் இது?"

"இந்த நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்தவையின்ரை, அம்மா."

கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டா: "ஆரடா புல்லு வெட்டுறது?"